சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

விடியற்காலையில் பெண்கள் வார்டில் நோயாளிகளுக்கு முன்னால் எழுந்துகொள்வது நாற்றம். இரவு முழுக்க அடைந்து கிடந்த மூத்திரமும் பினாயிலும் வியர்வையும் கதவைத் திறந்தவள் மூக்கில் வந்து முட்டும். தீப்பெட்டி என்று எல்லோரும் கூப்பிடும் நர்சு முதலில் ஜன்னல்களைத் தள்ளித் திறந்தாள். பிறகு கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு, இடுப்பு முறிந்து கிடந்த பருத்த அம்மாளின் கட்டிலுக்குப் போனாள். நனைந்த விரிப்பின் ஓரத்தை இந்தப் பக்கம் இவள் சுருட்டிப் பிடிக்க, அந்தப் பக்கம் கூட்டித் துடைக்கும் வார்டு அக்கா பிடித்தாள். மூச்சை அடக்கி ஒரே இழுப்பு. அம்மாள் முனகினாள். தீப்பெட்டியின் முதுகுத்தண்டில் ஏதோ ஒன்று சுரீரென்று இழுத்துக்கொண்டது.

முன்பெல்லாம் இந்த வேலைக்கு நான்கு பேர் வருவார்கள் என்று இவள் முனகிக்கொண்டாள்.

"நாலு பேர் வந்து தூக்குறதெல்லாம் இனிமே கடைசியா ஒரு தடவைதாண்டி பாப்பா" என்றாள் வார்டு அக்கா. "அதுக்கும் கான்ட்ராக்ட்ல ரெண்டு பேரைத்தான் அனுப்புவானுங்க."

இடுப்பு முறிந்த அம்மாளே சிரித்துவிட்டாள். சிரித்ததில் வலித்து, மறுபடி முனகினாள்.

துடைக்க வேண்டியவர்கள் இன்னும் பாதிப்பேர் இருந்தார்கள். வெந்நீர் வாளி ஆறிக்கொண்டிருந்தது. மலச்சட்டிகள் வரிசையில் காத்திருந்தன. தீப்பெட்டியின் நெற்றி வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. துடைக்கக் கை சுத்தமாக இல்லை.

தெருவுக்கு இந்தப் பக்கம் பழைய கட்டடம், அந்தப் பக்கம் கண்ணாடிக் கட்டடம். இரண்டும் தனியார் ஆஸ்பத்திரிகள், வருஷக்கணக்காக எலியும் பூனையுமாக இருந்தவை. அடிபட்டவனை ஏற்றிவரும் ஆம்புலன்ஸை நடுத்தெருவில் மறித்து, எங்கள் ஆள், உங்கள் ஆள் என்று இழுத்துக்கொண்ட காலமும் உண்டு. ஒருநாள் இரண்டு முதலாளிகளும் மேடையேறிக் கைகுலுக்கினார்கள். சம்பந்திகள் மாதிரி சிரித்தார்கள். இனி ஒரே குடும்பம் என்றார்கள். அந்தக் குடும்பத்தில் நர்சுகள் யார் பெற்ற பிள்ளைகள் என்று மட்டும் சொல்லவில்லை.

குடும்பம் ஒன்றானதும் எல்லோருக்கும் புது நியமன உத்தரவு வந்தது. அதுவரை உழைத்த வருஷங்கள் அழிந்துபோய், தலை நரைத்தவளும் அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தவள் ஆனாள். பெண்கள் வார்டை அதுவரை நடத்திவந்த பெரிய சிஸ்டர் சண்டை போடவில்லை. கடல் தாண்டி வேறொரு நாட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அவள் போன வழியே வேலை தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். போக வழி இல்லாதவர்கள் மிஞ்சினார்கள். தீப்பெட்டி மிஞ்சியவள். அப்பா மூட்டை தூக்கி முதுகு போய்ப் படுத்திருக்கிறார். தங்கை இன்னும் படிக்கிறாள். அம்மா நாலு வீட்டுப் பாத்திரம் தேய்க்கிறாள். இவளைப் பிடித்து பெரிய சிஸ்டரின் நாற்காலியில் உட்கார வைத்து, பொறுப்பு இன்சார்ஜ் என்றார்கள். பொறுப்பு அன்றைக்கே வந்துவிட்டது. இன்சார்ஜின் சம்பளம் வரவில்லை.

தீப்பெட்டி என்பது கல்லூரியில் வைத்த பெயர். குள்ளம், உரசினால் பற்றிக்கொள்வாள். விடுதிச் சோற்றில் புழு இருந்தது என்று முதல்வரின் மேஜையில் தட்டைக் கொண்டுபோய் வைத்தவள். வேலைக்கு வந்த பிறகு எதற்கும் பற்றுவதில்லை. மழையில் நனைந்துபோச்சு என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

நனைத்தது பயம். இரண்டு ஆஸ்பத்திரியையும் ஒட்டவைக்க மேலிடத்திலிருந்து ஓர் இணைப்பு அதிகாரி வந்திருந்தார். நர்சுகள் அவருக்கு வைத்த பெயர் கோந்து. வந்ததும் போட்ட முதல் கூட்டத்திலேயே, ஒரே வேலைக்கு இரண்டு பேர் எதற்கு என்று புன்னகையோடு கேட்டார். யார் போவார்கள், யார் இருப்பார்கள் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார். அன்றிலிருந்து இந்தப் பக்கத்து நர்சு அந்தப் பக்கத்து நர்சைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. கேண்டீனில்கூட ஆளுக்கொரு மூலை.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் கண்ணாடிக் கட்டடத்திலிருந்து ஒருத்தியை இங்கே மாற்றிப் போட்டார்கள். வார்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, கண்ணாடி என்றார்கள். வேவு பார்க்க வந்தவள் என்று பேச்சு. தீப்பெட்டியைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள், கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருபவள், வேலையில் கெட்டி. அதுதான் தீப்பெட்டிக்கு இன்னும் பயம். இருவரும் ஒருவரோடொருவர் கட்டில் நம்பரைத் தவிர வேறெதுவும் பேசிக்கொண்டதில்லை.

பழைய கட்டடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கான இன்சுலினை விடியலில் இன்சார்ஜ் ஊசியில் இழுத்துத் தட்டில் வைத்துவிடுவாள். சாப்பாட்டு வண்டி வருகிற நேரத்துக்கு வார்டு நர்சு அதை எடுத்துப் போடுவாள். இழுப்பவள் ஒருத்தி, போடுபவள் ஒருத்தி. பெரிய சிஸ்டர் இருந்தவரை இரண்டுக்கும் நடுவே அவளுடைய வாய் ஓயாமல் ஓடும். என்ன குப்பி, எந்த ஊசி, எவ்வளவு, யாருக்கு என்று சத்தமாகச் சொல்லி, கேட்பவளைத் திருப்பிச் சொல்ல வைப்பாள். அந்தச் சத்தமும் அவளோடு கடல் தாண்டிவிட்டது.

அன்று காலை தீப்பெட்டி குளிர்பெட்டியைத் திறந்து குப்பியை எடுத்தாள். சிவப்பு மூடி ஊசிகளைப் பிரித்தாள். டாக்டர் எழுதியிருந்த கோடு வரை இழுத்தாள். ஜன்னலோரக் கட்டிலின் தையற்காரம்மாவுக்கு ஒன்று, எதிர் வரிசையில் இரண்டு பேருக்கு ஒவ்வொன்று. ஊசிகளைத் தட்டில் வைக்கும்போது தொலைபேசி அடித்தது. எல்லா இன்சார்ஜும் உடனே கண்ணாடிக் கட்டடத்து ஹாலுக்கு வர வேண்டும், தலைமைப் பண்புப் பயிற்சி, வராதவர்கள் பெயர் மேலே போகும்.

இன்சுலின் எடுத்து வைத்திருக்கிறேன் என்று தட்டைக் காட்டினாள். கண்ணாடி தலையசைத்தாள். அவ்வளவுதான்.

ஹாலில் குளிர் எலும்பைத் தொட்டது. டை கட்டிய பயிற்சியாளர் ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு தலைவர் தூங்குவதாகவும் அவரை எழுப்ப வேண்டும் என்றும் சொன்னார். முந்தின நாள் இரட்டைப் பணி பார்த்த ஆபரேஷன் தியேட்டர் இன்சார்ஜ் நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தாள். ஆளுக்கொரு கட்டு காகிதக் கோப்பை கொடுத்து, யார் உயரமான கோபுரம் கட்டுகிறார் பார்ப்போம் என்றார்கள். இரண்டு ஆஸ்பத்திரியிலும் அந்த நேரத்தில் வார்டுக்கு ஒரு நர்சு, இரண்டு நர்சு. அவர்களை நடத்த வேண்டியவர்கள் இங்கே கோப்பைமேல் கோப்பை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

தீப்பெட்டி கடைசிக் கோப்பையை வைக்க எக்கி நின்றபோது இடுப்பில் போன் அதிர்ந்தது.

"பாப்பா, தையக்காரம்மா பேசமாட்டேங்குது" என்றாள் வார்டு அக்கா. "வேர்த்து ஊத்துது. ஓடியா."

கோபுரம் சரிந்த சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது.  தெருவைக் கடந்தபோது ஒரு வண்டிக்காரன் திட்டியது காதில் விழவில்லை.

தையற்காரம்மாவின் உடம்பு கட்டிலில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. சட்டை பிழிந்தால் தண்ணீர் வரும் போல நனைந்திருந்தது. கண்ணாடி கட்டில்மேலேயே மண்டியிட்டு, பற்களைக் கடித்துக்கொண்டு, நரம்பில் குளுக்கோஸை ஏற்றிக்கொண்டிருந்தாள். சர்க்கரை பார்க்கும் கருவியில் எண்ணே இல்லை. அளக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது என்று காட்டும் எழுத்துத்தான் இருந்தது. ஊசி போட்டதும் வர வேண்டிய சாப்பாட்டு வண்டி வரவில்லை. இரண்டு சமையலறையை ஒன்றாக்கியதிலிருந்து அது தெருவைக் கடந்து, லிப்ட் காலியாகும்வரை காத்திருந்துதான் வரும். எதிர் வரிசையில் ஒருத்தி வாந்தி எடுத்ததால் கண்ணாடி அங்கே ஓடியிருக்கிறாள். மற்ற இரண்டு ஊசிகள் தட்டிலேயே இருந்தன. வார்டில் அப்போது அவள் ஒருத்திதான் நர்சு.

தையற்காரம்மாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். சர்க்கரை ஏறிவிட்டது. ஆனால் அவள் கண் திறக்கவில்லை. கதவுக்கு வெளியே அவள் புருஷன், கைகளில் தீப்பொறி சுட்ட தழும்புகளோடு ஒரு வெல்டர், நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். என்ன ஆச்சு என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு கடந்து போனார்கள். தீப்பெட்டியும் அப்படித்தான் போனாள்.

கோந்து அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். தண்ணீர் நகர்த்தி வைத்தார். அந்த மரியாதையே இவளுக்குச் சரியாகப் படவில்லை.

"ஊசி போட்டது யாரு சிஸ்டர்?"

"அவங்க சார். ஆனா எடுத்து வச்சது..."

"போட்டது யாருன்னுதான் கேட்டேன்."

அவர் தண்ணீரை இன்னும் கொஞ்சம் இவள் பக்கம் நகர்த்தினார்.

"டோஸ் ரொம்ப அதிகமா போயிருக்குன்னு டாக்டர் சொல்றார். உங்களுக்கு அப்ப ட்ரெயினிங். ஹால்ல இருந்ததுக்கு அத்தனை பேர் சாட்சி. சாயங்காலம் விசாரணைக் கமிட்டி. நீங்க எல்லாம் விளக்கமா சொல்லிட்டுத்தான் போனீங்க, அவங்க சரியா கவனிக்கலை. இதை உங்க வாயால சொன்னா போதும்."

"நான் விளக்கமா ஒண்ணும் சொல்லலை சார்."

"யோசிச்சுப் பாருங்க. சொல்லியிருப்பீங்க." அவர் குரல் உயரவே இல்லை. "ரெண்டு கட்டடத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு இன்சார்ஜ் போடப் போறோம். உங்ககிட்ட ஒரு லீடர் இருக்கா. எனக்குத் தெரியுது. ஆனா அங்க போய்க் குழப்பினீங்கன்னா ரெண்டு பேர் மேலயும் வரும். நர்சிங் கவுன்சில் வரைக்கும் போகும். நர்சுங்கற பேரே போயிடும். வீட்ல நீங்கதானே முதல் பட்டதாரி?"

அது அவருக்கு எப்படித் தெரியும் என்று இவள் கேட்கவில்லை. அப்பா பெயர் தெரியும், தங்கை படிப்பது தெரியும், எல்லாம் தெரிந்துதான் பேசுகிறார்.

"அதுவரைக்கும் வெளியே மூச்சு விடக்கூடாது. அந்தப் புருஷன்கிட்ட யாரும் பேசக்கூடாது. நாங்க பேசிக்கிறோம்."

இவள் தலை தானாக ஆடியது. வெளியே வந்தபோது அந்தத் தலையை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

படிக்கட்டின் திருப்பத்தில் நின்று அம்மாவுக்கு போன் போட்டாள். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும் குழாயை நிறுத்திவிட்டு, நீயாகப் போய் மாட்டிக்கொள்ளாதே, யார் என்ன கேட்டாலும் எனக்குத் தெரியாது என்று சொல் என்றாள். பிறகு மெல்ல, "அந்தப் பொம்பள பொழைச்சிருமா?" என்று கேட்டாள். இவளுக்கு அழுகை வந்துவிட்டது. போனை வைத்துவிட்டாள்.

அழுவதற்கு ஆஸ்பத்திரியில் நர்சுக்கென்று ஓர் இடம் உண்டு என்றால் அது துணி அறைதான். சலவைக்குப் போய்வந்த விரிப்புகள் அடுக்கிய அந்த இருட்டு அறையின் கதவைத் திறந்தால், கண்ணாடி தரையில் உட்கார்ந்திருந்தாள். தலையணை உறை ஒன்றை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

தீப்பெட்டிக்கு வந்த பயமெல்லாம் கோபமாகத் திரும்பியது. "எவ்வளவு போட்டீங்க?"

"நீங்க எடுத்து வச்ச ஒரே ஊசி. அதுக்கு மேல ஒரு சொட்டு இல்ல. நீ எவ்வளவு எடுத்த, அதைச் சொல்லு."

"டாக்டர் எழுதின கோடு வரைக்கும். என் அம்மா சத்தியமா."

"அப்ப எப்படி அந்தம்மா இப்படிக் கிடக்கும்?"

"அதைத்தானே நானும் கேக்குறேன்."

இருவரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். பிறகு கண்ணாடி உறையைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, வேறு குரலில் கேட்டாள்.

"அந்தக் குப்பியைப் பார்த்தியா? இல்ல, பழக்கத்துல எடுத்தியா?"

தீப்பெட்டி சட்டைப்பையைத் தடவினாள். காலையில் ஹாலுக்கு ஓடிய அவசரத்தில் குப்பியைப் பையில் போட்டிருந்தாள். கதவிடுக்கு வெளிச்சத்தில் இருவரும் தலை முட்டக் குனிந்து பார்த்தார்கள்.

"இது எங்க பக்கத்து மருந்து" என்றாள் கண்ணாடி. "நூறு பவர். உங்க ஊசி?"

"சிவப்பு மூடி. எங்களுக்கு எப்பவும் சிவப்பு மூடிதான்."

"சிவப்பு மூடின்னா என்ன?"

"நாற்பது பவர் மருந்துக்கானது. வேற என்ன ஊசி இருக்கு?"

"ஆரஞ்சு மூடி. எங்க பக்கம் ஆரஞ்சுதான். நாங்க சிவப்பைப் பார்த்ததே இல்ல." கண்ணாடியின் குரல் அடங்கிப்போனது. "நான் வேற கம்பெனி ஊசின்னு நெனச்சேன். கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. இதுகூடத் தெரியாதான்னு நீங்கள்லாம் சிரிப்பீங்கன்னு விட்டுட்டேன்."

தீப்பெட்டி சுவரில் சாய்ந்தாள். பழைய கட்டடத்தில் வலுக்குறைந்த மருந்து, அதற்கேற்ற கோடு போட்ட சிவப்பு மூடி ஊசி. கண்ணாடிக் கட்டடத்தில் வலுக்கூடிய மருந்து, அதற்கேற்ற ஆரஞ்சு மூடி. இரண்டும் சரி. செலவு மிச்சம் என்று இரண்டு மருந்தகத்தையும் ஒன்றாக்கி, அங்கிருந்த மருந்தாளுநர்களில் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பி, அந்தப் பக்கத்து மருந்தை இந்தப் பக்கத்துக் குளிர்பெட்டியில் யாரிடமும் சொல்லாமல் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஊசி மட்டும் பழைய இருப்பு தீரும்வரை பழையதே. சிவப்பு மூடி ஊசியில் அதே கோடு வரை இந்த மருந்தை இழுத்தால் இரண்டரை மடங்கு உடம்புக்குள் போகும். ஊசி இவளுக்குத் தெரியும், மருந்து அவளுக்குத் தெரியும். ஆளுக்குப் பாதி தெரியும். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் முழுசாகியிருக்கும்.

"என்னைக் கூப்பிட்டு உன்மேல சொல்லச் சொன்னான்" என்றாள் தீப்பெட்டி. சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, வந்துவிட்டது.

கண்ணாடி நிமிர்ந்து பார்த்தாள். "நீ போனதும் என்னையும் கூப்பிட்டான். நீ தப்பா இழுத்து வச்சேன்னு சொல்லச் சொன்னான்."

"நீ என்ன சொன்ன?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன்." அவள் மறைக்கவில்லை. "வீட்ல பச்சைக் குழந்தை இருக்குடி. யோசிக்கத்தான் செஞ்சேன். எனக்குள்ள ஒரு லீடர் இருக்காளாம்."

"ரெண்டு கட்டடத்துக்கும் ஒரே இன்சார்ஜா?"

"அதேதான்."

முதலில் தீப்பெட்டிதான் சிரித்தாள். அது சிரிப்பு என்று சொல்ல முடியாது; தொண்டையில் அடைத்தது வெடித்து வந்த மாதிரி ஒரு சத்தம். கண்ணாடியும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஒரே நாற்காலியை இரண்டு பேருக்கும் காட்டியிருக்கிறான். அடித்துக்கொண்டு இரண்டு பேரும் விழுந்தால் நாற்காலியும் மிச்சம்.

சிரிப்பு சட்டென்று நின்றது. இருவருக்கும் ஒரே நேரத்தில் அது தோன்றியிருக்க வேண்டும்.

"மத்த வார்டு" என்றாள் கண்ணாடி.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லா வார்டிலும் இன்சுலின் போடுவார்கள். காலையில் பழைய குப்பி மிஞ்சியிருந்த வார்டுகள் தப்பியிருக்கும், ஆனால் இந்நேரம் இந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு குளிர்பெட்டியிலும் அந்தப் பக்கத்துக் குப்பி வந்திருக்கும். அந்தக் கட்டடத்துக்கு இந்தப் பக்கத்து ஊசி போயிருந்தால் அங்கேயும் இதே ஆபத்து. மூச்சு விடக்கூடாது என்று கோந்து சொல்லியிருக்கிறார். மூச்சு விடாமல் இருந்தால் யாரோ ஒருவரின் மூச்சு நிற்கும்.

 வேலை போய்விடும், பட்டம் போய்விடும், கவுன்சில், போலீஸ், அப்பாவின் முகம். எல்லாம் தீப்பெட்டி முன்னால் வரிசையாக வந்து நின்றன. கண்ணாடியின் உதடு வெளுத்திருந்தது. யாரும் யாருக்கும் தைரியம் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இருக்கவில்லை. கண்ணாடி எழுந்து கதவைத் திறந்தாள். இவள் பின்னால் ஓடினாள்.

ஆண்கள் வார்டில் தட்டில் ஊசிகள் தயாராக இருந்தன. ஒருத்தி ஊசியை எடுத்துக்கொண்டு கட்டில் வரை போய்விட்டிருந்தாள். கண்ணாடி அவள் கையைப் பிடித்தாள். அந்தப் பக்கத்துக்காரி கையைப் பிடிப்பதா என்று அவள் உதறினாள். தீப்பெட்டி நடுவில் புகுந்து, குப்பியையும் ஊசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஏற்கெனவே ஒருவருக்குப் போட்டிருந்தாள். ஓடிப்போய் அந்த ஆளை எழுப்பி, சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க ஊற்றினார்கள். அவருக்கு வேர்க்க ஆரம்பித்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அடங்கியது.

வார்டு அக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் தெருவைக் கடந்தாள். அவளுக்கு பவரும் தெரியாது கோடும் தெரியாது. கையில் ஒரு சிவப்பு மூடியைப் பிடித்துக்கொண்டு, இதைப் பார்த்தால் நிறுத்து என்று மாடி மாடியாகச் சொல்லிக்கொண்டு போனாள். கண்ணாடிக் கட்டடத்து நர்சுகள் படிக்கட்டில் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். இத்தனை நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள் அந்த மத்தியானம் போனில் ஒருவரையொருவர் கூப்பிட்டு, எந்தக் குப்பி, எந்த ஊசி என்று சத்தமாகக் கேட்டு, சத்தமாகத் திருப்பிச் சொன்னார்கள்.

பிறகு தீப்பெட்டிக்கு ஒரு வேலை மிச்சம் இருந்தது. எல்லாவற்றையும்விடப் பயந்த வேலை.

வெல்டர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். இருவரும் அவர் முன்னால் போய் நின்றார்கள். தீப்பெட்டி நடந்ததைச் சொன்னாள். ஊசி இழுத்தது நான் என்றாள். போட்டது நான் என்றாள் கண்ணாடி. இரண்டு மருந்தையும் கலந்து வைத்ததை எங்களிடம் யாரும் சொல்லவில்லை, நாங்களும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை என்றார்கள்.

அவர் கை ஓங்கிவிடுவார் என்றுதான் தீப்பெட்டி நினைத்தாள். ஓங்கினால் நகரக்கூடாது என்றும் நினைத்தாள். அவர் கைகள் தொங்கியபடியே இருந்தன.

"இவ்வளவு நேரமா எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனீங்களே" என்றார். "அவ செத்துட்டான்னு நெனச்சேன்."

அவர் மூடிய கதவை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி இவர்கள் பக்கம் திரும்பினார்.

"இதைப் பெரியவங்க முன்னாடி சொல்லுவீங்களா? இல்ல, என்கிட்ட மட்டும்தானா?"

அவர்கள் வாய் திறப்பதற்குள் கோந்து படியேறி வந்துவிட்டார். பின்னால் இரண்டு காவலாளிகள். பூட்ஸ் சத்தம் கேட்டு வார்டுகளின் கதவுகள் திறந்தன. நோயாளிகள் இருக்கிற இடம் என்பதால் அவரால் கத்த முடியவில்லை, பல்லிடுக்கில் பேசினார்.

"யார் உங்களுக்கு அனுமதி கொடுத்தது? ஆஸ்பத்திரி முழுக்க பீதியைக் கிளப்பியிருக்கீங்க."

"ஆண்கள் வார்டுல இன்னொருத்தருக்கும் வேர்த்துச்சு சார்" என்றாள் தீப்பெட்டி. குரல் கீச்சென்று வந்தது. வெட்கப்படக்கூட நேரமில்லை. "அனுமதி வாங்கிட்டு வர்றதுக்குள்ள போயிருப்பார்."

"நீங்க ரெண்டு பேரும் சஸ்பெண்ட். இப்பவே வெளியே போங்க. கமிட்டி கூப்பிடும்போது வந்தா போதும்."

"வார்டை யாருகிட்ட ஒப்படைக்கிறது சார்? ஆள் காட்டுங்க."

"அடுத்த ஷிப்ட் வரும்."

அடுத்த ஷிப்ட் வந்தது. செய்தி தெருமுனையிலேயே அவர்களுக்கு எட்டியிருந்தது. மத்தியான நர்சுகள் படியில் நின்றார்கள், காவலாளிகளைப் பார்த்தார்கள், இருவரையும் பார்த்தார்கள். ஒருத்தி, பழைய கட்டடத்தில் எல்லோரையும்விட வாயில்லாப்பூச்சி, மெதுவாகக் கேட்டாள்: இவர்கள் போனால் நாளைக்கு இதே மாதிரி நான் மாட்டும்போது எனக்கு யார் இருப்பார்கள்? அதை அவள் கோந்திடம் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற கண்ணாடிக் கட்டடத்துக்காரியிடம் கேட்டாள்.

என்ன செய்வது என்று யாரும் உத்தரவு போடவில்லை. நோயாளியை விட்டுவிட்டு வெளியே போய் நிற்க இவர்களால் ஆகாது. ஆகாததால் வேறொன்று ஆனது. வேலை முடிந்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. வேலைக்கு வந்தவர்களும் உள்ளே வந்தார்கள். தெருவின் அந்தப் பக்கத்திலிருந்தும் வேலை முடிந்தவர்கள் கிளம்பி இங்கே வந்து நின்றார்கள். மருந்து எடுப்பவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி நின்று பார்த்துச் சொன்னாள். தீப்பெட்டியையும் கண்ணாடியையும் உள்ளே வைத்துக்கொண்டுதான் இனி மருந்துத் தட்டைத் தொடுவோம் என்றார்கள். பெண்கள் வார்டில் இத்தனை நர்சுகளை ஒரே நேரத்தில் யாரும் கண்டதில்லை.

"தினம் இப்படிச் சண்டை போடுங்கம்மா" என்றாள் இடுப்பு முறிந்த அம்மாள். "முதுகு அரிக்குதுன்னா மூணு பேரு வர்றீங்க."

காவலாளிகளில் ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். கோந்து யாரிடமோ போனில் பேசிக்கொண்டே இறங்கிப் போனார். எல்லோருடைய பெயரும் எழுதப்படும் என்றார். பெயர் எழுதப்படும் என்றதும் இரண்டு பேர் நழுவப் பார்த்தார்கள். ஒருத்தி நழுவியே போய்விட்டாள். மற்றவள் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி ஒரு நோயாளிக்குப் போர்வையைச் சரி செய்தாள்.

தையற்காரம்மாவின் நிலை அப்படியேதான் இருந்தது. கூப்பிட்டால் விரல் அசைகிறது, அதற்குமேல் இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

வெயில் சாயும் நேரத்தில் அலுவலக உதவியாளர் வந்து, கமிட்டி உட்கார்ந்துவிட்டது, அந்த இரண்டு நர்சுகளையும் கூப்பிடுகிறார்கள் என்றார்.  கண்ணாடி முந்தானைப் பின்னைக் கழற்றி, திரும்பக் குத்தி, மறுபடி கழற்றினாள். ஷிப்டில் இருந்தவர்கள் கட்டில்களின் பக்கம் நின்றுகொண்டார்கள். மற்றவர்கள் எல்லோரும் படிக்கட்டை நோக்கி நடந்தார்கள். வெல்டரும் எழுந்து வந்து ஓரமாகச் சேர்ந்துகொண்டார். அவர் யாரையும் மன்னித்த முகமாக இல்லை. ஆனால் வந்தார்.

உதவியாளர் பதறிப்போய், ரெண்டு பேரைத்தான் வரச் சொன்னார்கள் என்றார்.

"ரெண்டுதான்யா வருது" என்றாள் வார்டு அக்கா. "பழைய கட்டடம் ஒண்ணு, கண்ணாடிக் கட்டடம் ஒண்ணு. நல்லா எண்ணிப் பாத்துக்க."

படியில் இறங்கும்போது கண்ணாடி இவள் கையைப் பிடித்தாள்.  கீழே அறைக்கதவு மூடியிருந்தது. பின்னால் படி நிறையக் காலடிச் சத்தம். கோத்த கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. அதில் எது தன் நடுக்கம், எது அவள் நடுக்கம் என்று தீப்பெட்டியால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

தீப்பெட்டி கதவைத் தட்டினாள்.